இங்கே ஆள் வருகிறது

அந்த இடத்தில் வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த ஓரமாக உட்காருங்கள். துண்டு போட்டிருக்கிறது, மஞ்சள் பை இருக்கிறது, தண்ணீர் பாட்டில் இருக்கிறது, பாருங்கள், அந்த மூன்று இடத்துக்கும் ஆள் வருகிறது. துண்டு என் அக்காவுக்கு. சுவர்ப் பக்கம் என்றால் சாய்ந்துகொள்ளலாம், முதுகுவலிக்காரி. பை தம்பிக்கு. பாட்டில் என் கடைசித் தங்கைக்கு. அவளுக்கு என் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

காலையிலிருந்து எனக்கு இதே வேலைதான். அதோ தூணோரம் நிற்கிறாரே, கட்டம் போட்ட சட்டை, கையில் ரெக்சின் பை, அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். "பெரியவரே, கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன், கால் வலிக்குது" என்றார். "இங்க ஆள் வருதுங்க" என்றேன். இரண்டாம் தடவை, "எங்க வருது? காணோமே" என்று சிரித்தார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் இடத்தை விடவில்லை. விட்டால் அவ்வளவுதான், ரிஜிஸ்டர் ஆபீஸில் பெஞ்சு கிடைப்பது லேசா?

நீங்கள் வில்லங்கச் சான்று வாங்க வந்தீர்களா? அப்படியானால் நேரமாகும். சர்வர் வேலை செய்யவில்லையாம். எங்கள் டோக்கனும் அதனால்தான் நிற்கிறது. நிற்கட்டும். ஒரு விதத்தில் நல்லதுதான். அக்கா ஓசூரிலிருந்து வர வேண்டும், அந்த பஸ் எப்போதும் தாமதம்.

எனக்குப் பொதுவாக யாரிடமும் இப்படிப் பேசி வழக்கமில்லை. ஆரணியில் ஒரு ரைஸ் மில்லில் எடை மேடையில் நின்றவன். மூட்டையைப் பார்ப்பேன், முள்ளைப் பார்ப்பேன், சொல்வேன். வருஷக்கணக்கில் நான் பேசியதெல்லாம் எண்கள்தான். இன்றைக்கு என்னவோ, வீட்டிலிருந்து கிளம்பும்போதே பேச வேண்டும் போல இருந்தது.

வீட்டைத்தான் விற்கிறோம். தபாலாபீஸ் சந்தில் ஓட்டு வீடு, பின்னால் கிணறு. அப்பா வாங்கியது. உயில் எதுவும் எழுதாமல் போய்விட்டார். அம்மாவும் போன பிறகு நான் மட்டும் இருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்த்தார்கள், அமையவில்லை, அது வேறு கதை. தம்பி வெகுநாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். "அண்ணா, அந்த வீட்ட வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற? வித்துட்டு என்கூட வந்து இரு" என்பான். நான் பார்க்கலாம் பார்க்கலாம் என்பேன். வீட்டை விற்பதற்கு எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

டயர் கடை பாஷா பாய் வந்து கேட்டபோதுகூட நான் சரி என்று சொல்லவில்லை. நல்ல மனிதர், பக்குவமாகத்தான் கேட்டார். மகளுக்கு வீடு வேண்டுமாம். எதற்கும் சட்டம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று வக்கீல் பரசுராமன் ஆபீஸுக்குப் போனேன். மூலப்பத்திரம், பட்டா, வரி ரசீது, வாரிசுச் சான்றிதழ், எல்லாம் வரிசையாக அடுக்கிக் கொண்டு போயிருந்தேன். வக்கீலே மெச்சினார். "இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டுவர மாட்டாங்க ஐயா" என்றார். எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சொத்து உங்க நாலு பேருக்கும் பொது. உங்க ஒருத்தர் கையெழுத்து செல்லாது. நாலு பேரும் வந்து போட்டாத்தான் கிரயம்."

"நாலு பேருமா சார்?"

"நாலு பேரும்."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்ல, ஒரே மேஜையில."

அன்றைக்குச் சாயங்காலமே பாஷா பாய் கடைக்குப் போய், விற்கலாம் என்று சொல்லிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் ஒரு ஆளுக்கு அந்த வீடு பெரிதுதானே. கூட்டிப் பெருக்கவே அரை நாள் ஆகிறது. அதுதான் காரணம்.

இருங்கள், ஏழுமலை ஏதோ கையைக் காட்டுகிறார். வக்கீலுடைய குமாஸ்தா அவர்.

ஒன்றுமில்லை. இன்னும் சர்வர் வரவில்லையாம். "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும் ஐயா" என்றார். "எல்லாரும் வந்துடட்டும், சேர்த்துப் பேசிக்கலாம்" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். பாவம், காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்காமலேயே அலைகிறார், அவ்வளவு வேலை. வக்கீலும் நேற்றுச் சாயங்காலம் போன் செய்து, "பத்திரத்துல ஒரு சின்ன மாத்தம் இருக்கு, காலையில பேசிக்கலாம்" என்றார். எழுத்துப் பிழையாக இருக்கும். நான் படித்துப் பார்த்த நகலில் தங்கை பெயரில் ஒரு கால் விட்டிருந்தது.

எங்கே விட்டேன்? ஆங், கையெழுத்து.

நான்கு பேரும் சேர்ந்து இருந்தது எப்போது என்று எனக்கு நினைவே இல்லை. அம்மா போனபோதுகூட இல்லை. அக்கா அன்றைக்கே ஓடி வந்துவிட்டாள். தம்பி கோயம்புத்தூரிலிருந்து வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். அக்கா மறுநாளே கிளம்பிவிட்டாள், பேரனுக்குப் பரீட்சை. தங்கை கோமளா தாம்பரத்தில்தான் இருக்கிறாள், ஆனால் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் ஆபரேஷன். அவள் பதினாறாம் நாள் வந்தாள், அதற்குள் தம்பி போய்விட்டான். ஒவ்வொருத்தரும் என்னிடம் வந்து அழுதார்கள். தனித்தனியாக.

சண்டையா என்று நினைக்காதீர்கள். சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது. அவரவர் குடும்பம், அவரவர் ஊர்.

இந்த ஆபீஸில் நான்கு பேரையும் போட்டோ எடுப்பார்கள், தெரியுமா? தனித்தனியாகத்தான் எடுப்பார்களாம். ஆனால் ஒரே தாளில் வரிசையாக வருமாம், கீழே அவரவர் கைரேகையோடு. ஏழுமலை சொன்னார். அதற்கு ஒரு நகல் போட்டுக் கொடுப்பார்களா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

தம்பிக்குத்தான் முதலில் போன் செய்தேன். "ரொம்ப சந்தோஷம் அண்ணா, இப்பவாவது மனசு வந்துதே" என்றான். "வரணும்பா, எல்லாரும் கையெழுத்துப் போடணுமாம்" என்றேன். "அதுக்கு எதுக்கு வரணும்? உன் பேருக்கு நான் பவர் எழுதிக் குடுத்துடறேன். அக்காவையும் கோமளாவையும் குடுக்கச் சொல்றேன். நீயே எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுடு. உன்ன விட எங்களுக்கு யாரு?"

"அது சரிப்படாதுப்பா" என்றேன்.

"ஏன் சரிப்படாது? ஊர் உலகமே பவர்லதான் நடக்குது."

"நாலு பேரா நான் ஒருத்தனே போய் உட்காரணுமா?"

"அதனால என்ன?" என்று சிரித்தான். நான் போனை வைத்துவிட்டேன். அக்காவும் அதையேதான் சொன்னாள். கோமளாவும் அதையேதான் சொன்னாள், கூட, "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும் அண்ணா, நீயே போடு" என்றாள்.

பவர் என்பது தவறு என்று நான் சொல்லவில்லை. சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் ஒரு காரியத்தைச் செய்தால் முறையாகச் செய்ய வேண்டும். வக்கீலிடமும் அதைத்தான் சொன்னேன். அவரும், வர முடியாதென்றால் பவர் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார். "வேணாம் சார், நேர்ல வரட்டும்" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "ஏதாவது தகராறா?"

"தகராறு ஒண்ணும் இல்ல சார்."

"பங்குல பிரச்சினையா?"

"சமபங்கு சார். அதுல என்ன பிரச்சினை?"

"அப்புறம்?"

"நேர்ல வர்றதுதானே சார் முறை?" என்றேன்.

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, குரலை இறக்கி, "புரியுது ஐயா. இந்த மாதிரி நிறைய பார்த்திருக்கேன். நாளைக்கு நான் பவரே தரலன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது. அதானே?" என்றார். நான் தலையை ஆட்டினேன். படித்தவர், பட்டென்று பிடித்துக்கொண்டார். "வாயால சொன்னா வர மாட்டாங்க. ஒரு நோட்டீஸ் விட்டா தானா வருவாங்க" என்றார்.

எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. போனில் சொல்வது காற்றோடு போய்விடும். தபாலில், முத்திரையோடு, ஆங்காங்கே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு அழைப்பு போனால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறதில்லையா? கல்யாணத்துக்குக்கூட எங்கள் வீட்டில் அப்படி அனுப்பியது இல்லை.

டைப் அடித்து எனக்குப் படித்துக் காட்டினார். எனக்கு மனப்பாடம். "எனது கட்சிக்காரர் தங்களுக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று ஆரம்பித்து, "மேற்படி தேதியில் தாங்கள் நேரில் ஆஜராகத் தவறும் பட்சத்தில், அதனால் ஏற்படும் சகல விளைவுகளுக்கும் தாங்களே பொறுப்பாவீர்கள்" என்று முடிந்தது. என்ன மரியாதை பாருங்கள்! வரிக்கு வரி தாங்கள், தாங்கள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் தாங்கள் என்று சொன்னதே கிடையாது.

இரண்டே இரண்டு திருத்தம் சொன்னேன். தம்பி பெயர் முதலில் இருந்தது. அக்கா பெயரை முதலில் போடச் சொன்னேன், மூத்தவள் அல்லவா? போட்டார். கடைசியில், மதியச் சாப்பாடு வீட்டில் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். வக்கீல் சிரித்துவிட்டார். "நோட்டீஸ்ல அதெல்லாம் வராது ஐயா." சட்டத்தில் இடம் இல்லையென்றால் என்ன செய்ய முடியும்? போன் செய்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று ஒப்புகை அட்டையும் திரும்பி வந்தது. இதோ, சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். மூன்றும் அவரவர் கையெழுத்து. அக்காவுடைய எழுத்து இன்னும் மாறவில்லை பாருங்கள், கோணல் கோணலாக.

கோமளா அன்றைக்கே போன் செய்தாள். "என்ன அண்ணா இது?" என்றாள். அதற்கு மேல் அழத்தான் செய்தாள். இவ்வளவு முறையாக ஒரு அண்ணன் கூப்பிடுவான் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "வரணும்மா" என்றேன். "இதுக்கு மேல என்ன இருக்கு" என்று வைத்துவிட்டாள். சாப்பாட்டு விஷயம் சொல்ல நேரமில்லை. தம்பி ஒரே வரியில் முடித்துக்கொண்டான்: "சரி அண்ணா, சட்டப்படியே செஞ்சிடலாம்." அவன் என்னைப் போல, அதிகம் பேச மாட்டான். அக்கா வீட்டில் மருமகன்தான் எடுத்தான், அவள் மகன். "அம்மா பேசற நிலைமையில இல்ல மாமா. நாங்க அந்த ஊர்லயே ஒரு வக்கீல் வச்சிட்டோம், இனிமே அவர் பாத்துப்பார்" என்றான். பொறுப்பான பையன். எல்லாரையும் அழைத்துக்கொண்டு வர ஆள் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வக்கீலுக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டிருக்கிறேன்.

காலையிலேயே சமைத்து மூடி வைத்துவிட்டேன். காராமணிக் குழம்பு. தம்பிக்கு உருளைக்கிழங்கு பொரியல், அதில்லாமல் சோறு இறங்காது. அக்காவுக்குச் சர்க்கரை, அதனால் பாகற்காய். கோமளாவுக்குப் பருப்புப் பாயசம், அதை மட்டும் அக்கா கண்ணில் படாமல் உள்ளே வைத்திருக்கிறேன். கூடத்தில் பாய் விரித்தாகிவிட்டது. வீடு கைமாறுகிற அன்றைக்கு அந்தக் கூடத்தில் நான்கு பேரும் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு மில்லுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். ஒரு ஆளுக்குப் போதும். தம்பி கூப்பிட்டான், ஆனால் அவன் வீட்டில் போய் இருந்தால் அவனுக்குத்தானே சங்கடம்?

சர்வர் வந்துவிட்டதாம். பாருங்கள், எல்லாரும் எழுந்துகொள்கிறார்கள். டோக்கன் சொல்கிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒருத்தர்தான். வாசலைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறீர்களா? சிவப்பாக, நெற்றியில் பெரிய பொட்டாக ஒரு அம்மா வந்தால் இங்கே கூப்பிடுங்கள். ஏழுமலை வருகிறார். கட்டம் போட்ட சட்டைக்காரரும் கூடவே வருகிறாரே, மறுபடியும் இடம் கேட்கத்தான் போலிருக்கிறது.

இல்லை. இடம் கேட்கவில்லை.

நீங்களும் கேட்டீர்கள் அல்லவா? "ஐயா, அமிர்தவல்லி, ஞானவேல், கோமளா, மூணு பேருக்கும் நான்தான் பவர் ஏஜென்ட்" என்றார். அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து வைத்த வக்கீலுடைய குமாஸ்தாவாம். ரெக்சின் பையிலிருந்து மூன்றையும் எடுத்துக் காட்டினார். முறையாகத்தான் இருக்கிறது. அந்தந்த ஊர் ரிஜிஸ்டர் ஆபீஸில் பதிவு செய்து, போட்டோ ஒட்டி. அக்கா இளைத்துவிட்டாள். பவர் மூன்றும் நேற்றுத்தான் வந்து சேர்ந்ததாம். ஏழுமலை சொல்ல வந்தது இதைத்தானாம்.

நான் அவரிடம், "அவங்க பின்னால வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"வரலைங்க. அவங்க வர வேண்டிய அவசியம் இல்லீங்க."

"சாப்பாட்டுக்கு?"

அவருக்குப் புரியவில்லை. ஏழுமலையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கோயம்புத்தூர் சார் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாருங்க. அண்ணனுக்கு எங்க மேல சந்தேகம் வந்த பிறகு நாங்க வந்து முகத்தைக் காட்ட விரும்பல, அவர் கேட்ட மாதிரி எல்லாம் சட்டப்படி இருக்குன்னு சொல்லச் சொன்னாரு" என்றார்.

சந்தேகமா? யாருக்கு? இந்தப் பிள்ளை எதையோ தவறாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது. வயசு குறைவு. தம்பி அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை.

மரியாதையாகத்தானே போட்டிருந்தது? நீங்களே கேட்டீர்கள். தாங்கள் என்றுதானே போட்டிருந்தது?

சரி. வேலை இருந்திருக்கும். "சட்டத்தோட கண்ணுக்கு அவங்க மூணு பேரும் வந்துட்ட மாதிரிதான் ஐயா" என்று ஏழுமலை சொன்னார். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, சட்டமே அப்படித்தானாம்.

தம்பி, உட்காருங்கள். துண்டை எடுத்துவிட்டேன், பையை எடுத்துவிட்டேன். பாட்டிலும் வேண்டாம், இப்படிக் கொடுங்கள். நன்றாகத் தாராளமாக உட்காருங்கள். உங்கள் இடம்தான் இது. தெரியாமல் காலையிலிருந்து உங்களை நிற்க வைத்துவிட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே? உருளைக்கிழங்கு பிடிக்குமா?

மதியம் போளூரில் இன்னொரு பத்திரமாம் அவருக்கு.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஏழுமலை நிற்கிறார். பத்திரத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும். பாஷா பாய் பக்கம் ஒருத்தர் இருக்கிறார். என் பக்கத்துக்குத் தம்பி மகன் போடுவான் என்று நான் வைத்திருந்தேன். வெளியே பத்திரம் எழுதுகிற கடையில் ஆள் இருப்பார்களாம், டீக்காசு கொடுத்தால் வந்து போடுவார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை. அதிகாரி, இவரை உனக்குத் தெரியுமா என்று கேட்பார். முன்பின் பார்க்காத ஆள் தெரியும் என்று சொல்வது பொய் அல்லவா? பத்திரத்தில் ஒரு பொய் இருக்கக் கூடாது.

உங்களிடம் ஆதார் இருக்கிறதா?

இருக்கும், வில்லங்கம் பார்க்க வந்தவரிடம் இல்லாமலா இருக்கும். அப்படியானால் நீங்கள் வாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. சொந்தமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், சொந்தம் என்று சொன்னால் தவறாகிவிடும். தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்று சொல்லுங்கள். இந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்த அளவு இப்போது வேறு யாருக்கும் என்னைத் தெரியாது. பொய் இல்லை.

கூப்பிடுகிறார்கள். பார்த்து வாருங்கள், படி உயரம்.

அட, ஒன்று விட்டுவிட்டதே. என் பெயரை உங்களுக்குச் சொல்லவில்லை. தணிகாசலம். கேட்டால் சட்டென்று சொல்லிவிடுங்கள், யோசிக்கக் கூடாது. எங்கே, ஒரு தடவை சொல்லுங்கள்.